கருவுறுதல் வேறு, கருத்தரித்தல் வேறு

‘நடிகை கருவுற்றிருக்கிறார்’ என்று செய்தித்தாள் எழுதினால் அவர் வயிற்றில் குழந்தை வளர்கிறது என்று பொருள். ‘எடுத்த 10 முட்டைகளில் 7 கருவுற்றன’ என்று ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும் முறை) ஆய்வகம் அறிக்கை தந்தால், அந்த நேரத்தில் கர்ப்பம் என்ற ஒன்றே இல்லை. கண்ணாடித் தட்டில் ஏழு செல்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். முதல் வாக்கியம் பெண்ணைப் பற்றிப் பேசுகிறது, இரண்டாவது முட்டையைப் பற்றி. வினைச்சொல் மட்டும் ஒன்று. இரண்டுக்கும் நடுவே மனிதரில் எட்டு முதல் பத்து நாள் கிடக்கிறது. வார எண்ணிக்கையில் வரும் குழப்பம், ‘கருவுற்றதே, ஏன் கர்ப்பம் ஆகவில்லை?’ என்ற கேள்வி, மாட்டுக்குச் சினை ஊசி போட்டும் பலனில்லை என்ற புலம்பல் எல்லாம் அந்த இடைவெளிக்குள் இருந்துதான் வருகின்றன.

சொல்லமைப்பைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். உறுதல் என்றால் அடைதல், நேர்தல்: நோயுற்றான், துயருற்றான். தரித்தல் என்றால் தாங்குதல், நிலைகொள்ளுதல்: ஆடை தரித்தாள், ஓரிடத்தில் தரித்து நின்றான். ஆக, கருவுறுதல் ஒரு நிகழ்ச்சி. கருத்தரித்தல் அந்த நிகழ்ச்சிக்குப் பின் உடல் அதைத் தாங்கத் தொடங்கும் நிலை. பேச்சுத் தமிழ் இதில் எழுத்துத் தமிழைவிடத் துல்லியமானது. ‘உண்டாயிருக்கா’ என்பது ஒன்று, ‘தங்கல’ என்பது இன்னொன்று. கரு உண்டாகித் தங்காமல் போவது தனி நிகழ்ச்சி என்பதை அந்த ஒற்றைச் சொல் சொல்லிவிடுகிறது. இலங்கைப் பாடநூல்கள் முட்டையும் விந்தணுவும் சேர்வதைக் கருக்கட்டல் என்றும், சேர்ந்து உண்டான முதல் செல்லை நுகம் என்றும், அதிலிருந்து வளர்வதை முளையம் என்றும் பிரித்தே எழுதுகின்றன. தமிழ்நாட்டு எழுத்தில் கருமுட்டை என்ற சொல் படும் பாடுதான் பெரிது. ‘கருமுட்டை தானம்’ என்னும்போது அது விந்தணு சேராத முட்டை. ‘கருமுட்டை கருப்பையை வந்தடைகிறது’ என்னும்போது அது விந்தணு சேர்ந்த முட்டை. சேராததைச் சினைமுட்டை என்றும், சேர்ந்ததைக் கருவுற்ற முட்டை என்றும் எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

மஞ்சள் கருவில் கரு எது?

கதைக்கரு, அணுக்கரு, செல்லின் உட்கரு என்று எங்கே வந்தாலும் கரு என்பது நடுவில் இருப்பது, மற்றவை எதிலிருந்து கிளம்புகின்றனவோ அது. கோழி முட்டையின் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது இப்படித்தான். உயிரியல்படி இரண்டுமே கரு அல்ல. மஞ்சள், வளரப்போகும் குஞ்சுக்கான உணவுச் சேமிப்பு. வெள்ளை, பெரும்பாலும் நீரும் புரதமும்.

முட்டையை உடைத்து மஞ்சளின் மேற்பரப்பைக் கூர்ந்து பாருங்கள். சிறு வெண்புள்ளி ஒன்று தெரியும். 2 முதல் 3 மி.மீ. அகலத்தில், ஓரம் ஒழுங்கில்லாமல், அடர்ந்த வெள்ளையாக இருந்தால் அது கருவுறாத முட்டை. 3 முதல் 4 மி.மீ. அகலத்தில், நடுப்பகுதி தெளிந்து, சுற்றிலும் வெள்ளை வளையம் கட்டியிருந்தால் கருவுற்றது. வளையமாகத் தெரிவது பல்லாயிரம் செல்கள் கொண்ட தட்டு. முட்டை கோழியின் உடலுக்குள் இருந்த 24 முதல் 26 மணி நேரத்துக்குள்ளேயே ஒரு செல் அத்தனையாகப் பிரிந்துவிடுகிறது.

சேவலே இல்லாவிட்டாலும் கோழி முட்டையிடும். மஞ்சள் சூலகத்திலிருந்து விடுபட்டு, குழாயின் புனல் போன்ற வாயில் விழுந்த முதல் கால் மணி நேரத்துக்குள் விந்தணு சேர்ந்தாக வேண்டும். அதன் பிறகு வெள்ளை மூடத் தொடங்கி வழி அடைபடும். ஆனால் சேவல் ஒவ்வொரு நாளும் இணைய வேண்டியதில்லை. கோழியின் குழாயில் நுண்ணிய பைகள் உண்டு; அவற்றில் விந்தணுக்கள் இரண்டு வாரமும் அதற்கு மேலும் உயிரோடு தங்கும். சேவலைப் பிரித்த பத்தாம் நாள் இட்ட முட்டையும் பொரிப்பது இதனால்தான்.

பொரிக்காத முட்டையைக் கூமுட்டை என்று ஒரே பெயரில் ஒதுக்கிவிடுகிறோம். அதற்குள் இரண்டு வகை உண்டு: கருவுறவே இல்லாதது, கருவுற்றுப் பிறகு இறந்தது. அடைவைத்த ஏழாம் நாள் இருட்டில் விளக்கின் முன் பிடித்தால் வளரும் முட்டையில் ரத்த நாளங்கள் சிலந்தி போலப் படர்ந்திருக்கும். முற்றிலும் தெளிவாக இருப்பதை உடைத்துப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது. முதல் இரண்டு நாளிலேயே கரு இறந்திருந்தாலும் வெளிச்சத்தில் தெளிவாகத்தான் தெரியும். ஒழுங்கில்லாத சிறு புள்ளி மட்டும் இருந்தால் குறை சேவலிடமோ இணைசேர்க்கையிலோ இருக்கிறது. விரிந்த வெள்ளைத் தட்டோ ரத்த வளையமோ இருந்தால் சேவல் தன் வேலையைச் செய்துவிட்டது. குறை முட்டையை வெப்பமான இடத்தில் வைத்ததில், ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைத்ததில், அல்லது பொரிப்பானின் சூடு 37.5 டிகிரியை விட்டு விலகியதில் இருக்கும். ஒரே சொல்லால் அழைத்தால் நல்ல சேவலை விற்றுவிட்டு, பழுதான பொரிப்பானைத் தொடர்ந்து ஓட்டிக்கொண்டிருப்போம்.

முட்டைக்குள் முதல் ஒரு நாள்

மனிதச் சினைமுட்டையின் குறுக்களவு ஏறக்குறைய 0.1 மி.மீ.; நல்ல கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தெரியக்கூடிய எல்லை. சூலகத்திலிருந்து வெளிவந்த பின் அது 12 முதல் 24 மணி நேரம் வரை மட்டுமே கருவுறும் நிலையில் இருக்கும். விந்தணுவோ பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். இரண்டையும் சேர்த்தால், முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளுமாக ஆறு நாள் சாளரம் கிடைக்கிறது. உறவு கொண்ட நாளும் கருவுற்ற நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

பல கோடி விந்தணுக்களில் கருக்குழாயின் அகன்ற பகுதிவரை போய்ச் சேர்பவை சில நூறு. போனவுடன் முட்டையைத் துளைத்துவிடவும் முடியாது. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்து மேலுறையில் மாற்றம் ஏற்பட்ட பிறகே விந்தணுவுக்கு அந்தத் திறன் வருகிறது. 1951-இல் காலின் ஆஸ்டினும் மின் சூ சாங்கும் தனித்தனியாக இதைக் கண்டறிந்தார்கள். அதுவரை ஆய்வகத்தில் பாலூட்டிகளின் முட்டையைக் கருவுறச் செய்யும் முயற்சிகள் தடுமாறியதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

முட்டையின் வெளியுறையைக் கடந்து, விந்தணுவின் இசூமோ என்ற புரதம் முட்டைச் சவ்வின் ஜூனோ என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. சவ்வுகள் இணைகின்றன. உடனே முட்டைக்குள் கால்சியம் அலை அலையாக எழும்புகிறது. இந்த அலை இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, மேற்பரப்பை ஒட்டிய துகள்கள் வெடித்து, வெளியுறையை இறுகவைத்து அடுத்த விந்தணுவைத் தடுக்கின்றன. இரண்டு, பாதியில் நின்றிருந்த முட்டையின் இரண்டாம் குன்றல் பிரிவு முடிந்து, மிகுதிக் குரோமோசோம்கள் சிறு துருவச் செல்லாக வெளியே தள்ளப்படுகின்றன. பிறகு தாயின் 23 குரோமோசோம்களைச் சுற்றி ஒன்றும் தந்தையின் 23-ஐச் சுற்றி ஒன்றுமாக இரண்டு முன்உட்கருக்கள் உருவாகின்றன.

‘இரு உட்கருக்களும் இணைந்து ஒரே உட்கரு ஆகிறது’ என்று பள்ளிப் புத்தகங்கள் எழுதுவது கடல் முள்ளெலிக்குச் சரி. 1876-இல் ஆஸ்கர் ஹெர்ட்விக் அதில்தான் இணைவதைப் பார்த்தார். மனிதரில் அப்படி ஒரு பொது உட்கரு உருவாவதில்லை. இரண்டும் நெருங்கி வந்து, சவ்வுகள் கரைந்து, குரோமோசோம்கள் நேராக முதல் செல் பிரிவுக்கு அணிவகுக்கின்றன. தாயுடையதும் தந்தையுடையதும் முதல்முறை ஒரே உட்கருவுக்குள் வருவது இரண்டு செல் நிலையில்தான். ஆகவே ‘கருவுறும் கணம்’ என்ற சொற்றொடர் அழகாக இருக்கலாம்; உண்மையில் அது ஏறக்குறைய ஒரு முழு நாள் நீளும் தொடர்நிகழ்ச்சி.

ஆய்வகம் ‘கருவுற்றது’ என்று எழுதுவதற்கு அளவுகோல் இந்த முன்உட்கருக்களே. விந்தணு சேர்த்த 16 முதல் 18 மணி நேரத்தில் நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். இரண்டு இருந்தால் இயல்பு. ஒன்றும் இல்லையென்றால் கருவுறவில்லை, அல்லது பார்த்த நேரத்துக்குள் அவை கரைந்துவிட்டன. மூன்று இருந்தால், சாதாரண ஐவிஎஃப் முறையில் பெரும்பாலும் இரண்டு விந்தணுக்கள் நுழைந்திருக்கும்; ஒரே விந்தணுவை ஊசியால் செலுத்தும் இக்சி முறையில் துருவச் செல் வெளியேறாமல் உள்ளேயே தங்கியிருக்கும். மூன்று உள்ளதைக் கருப்பையில் வைக்கமாட்டார்கள்.

அறிக்கையின் விழுக்காட்டைப் படிக்கும்போது வகுக்கும் எண் எது என்று கேளுங்கள். இக்சியில் முதிர்ந்த முட்டைகளுக்கு மட்டுமே ஊசி போடுவதால் அவற்றைக் கொண்டே கணக்கிடுவார்கள். சாதாரண முறையில் எல்லா முட்டைகளும் கணக்கில் வரும். 12 முட்டை எடுத்து, 9 முதிர்ந்து, 6 கருவுற்றால், ஒரு கணக்கில் 67 விழுக்காடு, மற்றொன்றில் 50. இரண்டு கணக்கும் சரிதான், ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது.

தங்கும் வரை

இரண்டாம் நாள் நான்கு செல், மூன்றாம் நாள் எட்டு, நான்காம் நாள் திரண்ட உருண்டை, ஐந்தாம் நாள் நீர் நிறைந்த பந்து, ஆறாம் நாள்வாக்கில் வெளியுறையைக் கிழித்து வெளியேறல். இத்தனை நாளும் கரு தாயின் ரத்தத்தோடு தொடர்பில்லாமல் மிதக்கிறது. தாயின் உடலுக்கு அது வந்திருக்கும் செய்தி பெரும்பாலும் எட்டியிருக்காது.

பிறகுதான் கருப்பைச் சுவரில் பதிதல். அமெரிக்க ஆய்வாளர் ஆலன் வில்காக்ஸ் குழு 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரத்துக்கு மேல் நீடித்த கர்ப்பங்களில் 84 விழுக்காடு, முட்டை வெளிவந்த 8, 9, 10-ஆம் நாள்களில் பதிந்திருந்தன. ஒன்பதாம் நாளுக்குள் பதிந்தவற்றில் 13 விழுக்காடே தொடக்கத்தில் இழக்கப்பட்டன. பதினோராம் நாளில் பதிந்தவற்றில் அது 52 விழுக்காடு. தாமதமாக வந்த கருவை உள்வாங்கும் நிலையில் கருப்பைச் சுவர் நெடுநாள் இருப்பதில்லை.

பதிந்த கரு சுரக்கும் எச்சிஜி ஹார்மோனைத்தான் வீட்டுச் சோதனை அட்டை பிடிக்கிறது. பெரும்பாலான அட்டைகளுக்கு ஒரு மில்லி லிட்டரில் 20 முதல் 25 மில்லி யூனிட் தேவை. கருவுற்ற ஐந்தாம் நாள் சோதித்து ‘இல்லை’ என்று வந்தால் அதற்குப் பொருளே இல்லை. ஹார்மோனைச் சுரக்க வேண்டியது இன்னும் பதியவே இல்லை. எதிர்ப்புறத் தவறும் உண்டு. முட்டை வெளிவர எச்சிஜி ஊசியே போட்டிருந்தால் அதன் மிச்சம் பத்து நாளுக்கு மேலும் உடலில் இருக்கும். அவசரப்பட்டுச் சோதித்தால் இரண்டு கோடு தெரியும், கர்ப்பம் இருக்காது.

பதிந்துவிட்டாலும் இடம் சரியா என்பதை அந்த அட்டை சொல்லாது. கருவுறுதல் குழாயில் நடப்பதால், நகராமல் அங்கேயே பதிந்துவிடும் கருவும் உண்டு. அதுவும் எச்சிஜி சுரக்கும். இடமாறிய கர்ப்பங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குழாயில்தான். நாள் தள்ளிப்போன பின் ஒருபக்க அடிவயிற்று வலி, ரத்தக்கசிவு, தோள்பட்டை வலி, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் ஸ்கேன் நாளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கர்ப்பம் எப்போது தொடங்குகிறது என்பதில் மருத்துவ உலகமே சொல்லோடு மல்லுக்கட்டியிருக்கிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 1965-இல் கருத்தரிப்பு என்பதைக் கரு பதிவதோடு சேர்த்து வரையறுத்தது. தங்காத ஒன்றைத் தரித்ததாகச் சொல்வதில்லை என்பது நம் பேச்சு வழக்கின் நிலைப்பாடும்கூட. அவசரக் கருத்தடை மாத்திரையைக் ‘கருக்கலைப்பு மாத்திரை’ என்று எழுதுவது ஏன் தவறு என்பதும் இங்கே தெளிவாகும். அந்த மாத்திரையில் உள்ள 1.5 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன், முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போட்டோ தடுத்தோ வேலை செய்கிறது. தங்கிய கருவை அது கலைக்காது. முட்டை வெளிவந்த பிறகு விழுங்கினால் பெரும்பாலும் பயனும் தராது.

வார எண்ணிக்கையிலும் இதே சிக்கல். மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள், ஏனெனில் பெண்ணுக்கு உறுதியாகத் தெரிந்த தேதி அதுதான். அந்தக் கணக்கில் முழுக் கர்ப்பம் 280 நாள், 40 வாரம். கருவுற்ற நாளிலிருந்து எண்ணினால் 266 நாள், 38 வாரம். ‘ஆறு வாரம்’ என்று சீட்டில் எழுதியிருந்தால் கருவின் உண்மை வயது நான்கு வாரம். கணவர் ஐந்து வாரத்துக்கு முன்புதான் ஊர் திரும்பினார் என்ற கணக்கில் வீண் சந்தேகங்கள் எழுவது இந்த இரண்டு வாரத்தால்தான். பத்து மாதம் சுமந்தேன் என்ற வழக்கும் பிழையல்ல. 28 நாள் கொண்ட மாதம் பத்து சேர்ந்தால் அதே 280.

ஐவிஎஃப் முறையில் கருவுற்ற நாள் தெரியும் என்பதால் கணக்கு நேரடியானது. ஐந்தாம் நாள் கருவை வைத்திருந்தால் வைத்த தேதியோடு 261 நாள் கூட்டினால் பிரசவத் தேதி. மூன்றாம் நாள் கரு என்றால் 263. ஸ்கேன் கருவியில் கடைசி மாதவிலக்குத் தேதி கேட்டால், ஐந்தாம் நாள் கருவுக்கு வைத்த தேதியிலிருந்து 19 நாள் பின்னோக்கிப் போன தேதியைக் கொடுக்க வேண்டும். உறைய வைத்த கருவை வைக்கும் சுழற்சியில் உண்மையான மாதவிலக்குத் தேதியைக் கொடுத்தால் சில நாள் முன்னும் பின்னும் போய், வளர்ச்சி குறைவு என்ற பொய்க் கவலை வரும்.

மாட்டிலும் மீனிலும்

மாட்டுக்குச் சினை என்ற சொல்தான். ‘சினை பிடிக்கல’ என்ற புலம்பலும் கூமுட்டை போலவே இரண்டு குறைகளை மூடி மறைக்கிறது. நல்ல நேரத்தில் ஊசி போட்டால் பசுவின் முட்டைகளில் மிகப் பெரும்பாலானவை கருவுற்றுவிடும். ஆனால் கன்று பிறப்பது அதைவிடக் குறைவு; இடையில் கரு இறந்துவிடுகிறது. எது நடந்தது என்பதைப் பசு மறுபடி பருவத்துக்கு வரும் நாளை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். 18 முதல் 24 நாளில் வந்தால் கருவுறவில்லை, அல்லது கரு ஏறக்குறைய 16-ஆம் நாளுக்கு முன்பே போய்விட்டது. 25 நாள் கடந்து ஒழுங்கில்லாமல் வந்தால், கரு இருப்பதைத் தாயின் உடல் உணர்ந்து சுழற்சியை நிறுத்திய பின் அதை இழந்திருக்கிறது. முதலாவதற்கு ஊசி போட்ட நேரத்தையும் உறைந்த விந்து அடைத்த குச்சியைக் கையாண்ட விதத்தையும் பார்க்க வேண்டும். காலையில் பருவ அறிகுறி கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில் என்பது பழைய விதி. பருவம் முடிந்து 10 முதல் 14 மணி நேரம் கழித்தே முட்டை வெளிவருகிறது என்பது அதன் அடிப்படை. இரண்டாவதற்குக் கருப்பைத் தொற்று, வெப்ப அயர்ச்சி, தீவனக் குறை ஆகியவற்றைத் தேட வேண்டும். ஊசியை மட்டும் மாற்றிப் பயனில்லை.

இடைவெளி எவ்வளவு நீளக்கூடும் என்பதற்கு ஐரோப்பாவின் ரோ மான் நல்ல சான்று. கோடையில் கருவுற்ற கரு, ஏறக்குறைய ஐந்து மாதம் பதியாமல் மிதந்து, குளிர்காலத்தில் தங்குகிறது. குட்டி பிறப்பது அடுத்த வசந்தத்தில்.

மீனில் எல்லாம் தலைகீழ். கருவுறுதல் நீரில் நடக்கிறது. கருத்தரித்தல் என்ற சொல்லுக்கே பெரும்பாலான மீன்களில் இடமில்லை. கெண்டையின் விந்தணு நீர் பட்டதும் விழித்து, ஒரு நிமிடம்போல நீந்தி ஓய்ந்துவிடும். முட்டையின் ஒற்றை நுழைதுளையும் நீரில் விரைவாக மூடிக்கொள்ளும். அதனால் மீன் பொரிப்பகங்களில் ஈரமில்லாத பாத்திரத்தில் முட்டையையும் விந்துப்பாலையும் இறகால் கலந்து, அதன் பிறகே நீர் சேர்க்கிறார்கள். பாத்திரத்தில் முன்கூட்டியே சிறிது நீர் நின்றால் போதும், ஈடு முழுதும் கெட்டுவிடும். சில மணி நேரத்தில் வெள்ளையாக மங்கும் முட்டைகளை எடுத்துவிடாவிட்டால் பூஞ்சை நல்லவற்றுக்கும் பரவும்.

பயிரின் சூல்

செடியில் இந்தச் சொல் இன்னொரு விதமாக வழுக்குகிறது. நெற்பயிர் ‘சூல் கொண்டிருக்கிறது’ என்று சொல்வது கதிர் உறைக்குள் பொதிந்து பருத்திருக்கும் பருவத்தை. அப்போது பூவே மலர்ந்திருக்காது, மகரந்தமும் சிந்தியிருக்காது. சூல் என்ற சொல் இங்கே வயிறு பருத்த தோற்றத்தைக் குறிக்கிறது. மேகம் சூல்கொண்டது என்பதும் அதே வழிதான். உண்மையான கருவுறுதல் பூ விரியும் நேரத்தில் நடக்கிறது. நெல்லின் மகரந்தம் வெளியே வந்து சில நிமிடங்களே உயிரோடிருக்கும். அந்த வேளையில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மணி பிடிக்காமல் பதராகும்.

மகரந்தச் சேர்க்கை நடந்தால் கருவுறுதல் நடந்துவிட்டது என்று எண்ணுவது செடிகளில் அடிக்கடி வரும் தவறு. மகரந்தம் பெண்பாகத்தின் நுனியான சூல்முடியில் விழுந்தது முதல் படி மட்டும். அதிலிருந்து குழல் முளைத்து சூலகம் வரை இறங்க வேண்டும். மக்காச்சோளத்தில் அந்தக் குழல் நீண்ட பட்டிழை ஒன்றின் உள்ளேயே வளர்ந்து, ஏறக்குறைய ஒரு நாளில் சூலை அடைகிறது. பைன் மரத்தில் இந்த இடைவெளி ஒரு வருடம். மக்காச்சோளத்தில் கருவுற்றதா என்று பார்க்க எளிய வழி உண்டு. பட்டிழை வெளிவந்து சில நாள் கழித்து ஒரு கதிரைப் பறித்து, உறையை மெல்லக் கீறி அகற்றிவிட்டு உதறுங்கள். கருவுற்ற மணிகளின் இழை தானே கழன்று விழும். கருவுறாததன் இழை ஒட்டிக்கொண்டே இருக்கும். நுனியில் மட்டும் இழை ஒட்டியிருந்தால் கடைசியில் வந்த இழைகளுக்கு மகரந்தம் கிடைக்கவில்லை. கதிர் முழுவதும் ஒட்டியிருந்தால் வறட்சியில் இழை தாமதமாகி, மகரந்தம் தீர்ந்த பின் வெளிவந்திருக்கிறது.

பூக்கும் செடிகளில் ஒரே நேரத்தில் இரண்டு சேர்க்கை நடப்பதை செர்கெய் நவாஷின் 1898-இல் கண்டார். ஒரு விந்துசெல் முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று நடுச்செல்லோடு சேர்ந்து, மூன்று தொகுதி குரோமோசோம்கள் கொண்ட சூழ்தசை ஆகிறது. நெல்லிலும் கோதுமையிலும் மாவாக இருப்பது இந்த இரண்டாவது சேர்க்கையின் விளைவு. அது கரு அல்ல, கருவுக்கான உணவு. முட்டை மஞ்சளின் நிலைதான் இதற்கும்.

காய் பிடித்தது என்பதும் கருவுற்றதற்குச் சான்றாகாது. வாழை கருவுறாமலே பழுக்கிறது. விதையில்லா வெள்ளரி வகைகளும் அப்படியே. மாவின் சில வகைகளில் ஒரே கொட்டையிலிருந்து பல நாற்றுகள் முளைக்கும். அவற்றில் பெரும்பாலானவை தந்தையின் பங்கே இல்லாமல் தாய்த் திசுவிலிருந்து வந்த நகல்கள். விதையுள்ள வகைகளிலோ, வெள்ளரி ஒரு பக்கம் வளைந்து சூம்பியிருந்தால் நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். சூம்பிய பக்கத்தில் விதைகள் தாள் போலத் தட்டையாக இருக்கும். அந்தச் சூல்களுக்கு மகரந்தக் குழல் போய்ச் சேரவில்லை. உரம் கூட்டிப் பயனில்லை. பூக்கும் நாள்களில் காலை வேளையில் தேனீ வர வேண்டும், அல்லது ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் சூல்முடி முழுவதும் கையால் தடவிவிட வேண்டும்.